ஆவுளியா

பகலில் ஐஸ் கம்பெனியில் பார் எண்ணுகிறவள் நான்.
லாரிக்கு இத்தனை, வல்லத்துக்கு இத்தனை,
உருகிப்போனது இத்தனை.
சாயங்காலம் மண்டபம் கோர்ட்டில்
சுறாக்கள் அணி ஆடும் நாளெல்லாம்
மேசைக்குப் பின்னால் ஸ்கோர் எழுதுகிறேன்.
ஆட்டத்துக்கு நானூறு ரூபாய், ஒரு டீ, ஒரு பருப்புவடை.

கூடையில் விழுந்தால் ஒரு கட்டத்தில் கோடு,
ஃபவுல் என்றால் இன்னொரு கட்டத்தில் கோடு.
கஸ்பாருக்கு
முதல் கட்டம் பெரும்பாலும் வெள்ளை.

ஆறடி நாலங்குலம். பாம்பன் தெற்குவாடி.
ஓடினால் தரை அதிரும்,
குதிப்பதென்றால் யோசித்துக் குதிப்பான்.
கேலரிப் பையன்கள் வைத்த பேர் ஆவுளியா.
மெல்ல மேய்ந்து திரியும் கடற்பசு.
சுறாக் கூட்டத்தில் ஆவுளியாடா என்று
கத்திக் கத்திச் சிரிப்பார்கள்.
அவனும் சிரிப்பான்,
தண்ணீர் பாட்டிலை நிரஞ்சனுக்கு எறிந்தபடி.

நிரஞ்சன் ஃப்ளெக்ஸில் இருக்கிறவன்.
உச்சிப்புளி தொடங்கி தங்கச்சிமடம் வரை
அவன் கை, அவன் பந்து, கீழே நகைக்கடை.
அவன் எறியுமுன்
மறிக்க ஒருவன் பாய்ந்து வருவான் அல்லவா,
அந்த வழியில் போய்
கஸ்பார் நிற்பான்.
அவ்வளவுதான். நிற்பான்.
வருகிறவன் நெஞ்சில் வந்து மோதுவான்.
அந்த அரை நொடி நிரஞ்சன் தனியாள்.
பந்து விழும், ஊர் எழும்,
நான் நிரஞ்சன் கணக்கில் கோடு போடுவேன்.

நிற்பதற்குக் கட்டம் இல்லை.
எனக்கோ எண்ணாமல் இருக்க வராது.
ஐஸ் பில் புத்தகத்தின் பின்பக்கம்
அவன் உள்ளே இருந்த நிமிடம், வெளியே இருந்த நிமிடம்,
நமக்கு வந்தது, நம்மிடமிருந்து போனது,
பென்சிலில் குறித்துவந்தேன்.
பதினோரு ஆட்டம்.
அவன் உட்கார்ந்த நேரமெல்லாம் பார் உருகியிருந்தது.

தூத்துக்குடியோடு கடைசி ஆட்டம்.
கச்சான் வீசி கோர்ட்டெங்கும் மணல்.
ஆறு நிமிடம் மிச்சம், ஆறு புள்ளி முன்னால் நாங்கள்.
கூடைக்கடியில் ஏழெட்டுக் கை.
விசில்.
தட்டியது நிரஞ்சன். என் கண்ணுக்கு நேரே.
நிரஞ்சனுக்கு ஏற்கெனவே நாலு.
கஸ்பாருக்கும் நாலு.
நடுவர் முகம் திரும்புமுன்
கஸ்பார் கையைத் தூக்கினான்.
யார் கேட்டார்கள்?
நடுவர் என் மேசையைப் பார்த்து
விரலில் காட்டினார்: ஒன்று, மூன்று.
அவர் காட்டுவதை எழுதுவது என் வேலை.
எழுதினேன்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சுக்குப் போனான்.
நிரஞ்சன்மேல் இப்போது இரண்டு பேர்,
அவர்கள் வழியில் யாரும் இல்லை.
எறிந்தான், எறிந்தான்.
கடைசியில் ஒன்று
வளையத்தைச் சுற்றி வந்து, மனம் மாறி, வெளியே விழுந்தது.
இரண்டு புள்ளியில் தோற்றோம்.
அந்த ஒண்ணு விழுந்திருந்தா என்று
மண்டபம் கேம்ப் வரைக்கும் பேசிக்கொண்டே போனார்கள்.

கூட்டம் கலைந்தபின் வந்தான்.
"அக்கா, அஞ்சாவது என் பேர்லதான எழுதிருக்கீங்க?"
"ஆமா."
"அப்படியே இருக்கட்டும்."
ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டினான்.
ஆறிக் கிடந்த என் டீயைக் கேட்டு வாங்கிக் குடித்தான்.

திங்கட்கிழமை மேனேஜர் போன்.
அடுத்த சீசன் ஒப்பந்தம் போடுகிறார்களாம்.
"பதிமூணாம் நம்பர் மொத்தம் எத்தனை பாயின்ட்?"
"பத்தொம்பது."
"பன்னெண்டு ஆட்டத்துலயுமா?"
சிரித்தார்.

சங்கு குளிக்கிற என் தம்பி சொல்வான்:
ஆவுளியா மேய்ந்தது படகில் போகிறவனுக்குத் தெரியாது,
மூழ்கிப் பார்த்தால் கடல்தாழைக்கு நடுவே
வெளேரென்று ஒரு வழி கிடக்கும்.
அதை மேனேஜரிடம் எப்படிச் சொல்ல?
வாசலில் லாரி ஹாரன் அடித்தது, நாற்பது பார்.
"சார், ஒரு நிமிஷம், எழுதிக்கிடுங்க" என்று
பில் புத்தகத்தைத் திறந்தேன்,
பின்பக்கத்திலிருந்து.